இரும்புச் செருப்பில் ஏழாவது பெயர்

பொய் சொல்லத் துணிச்சல் வேண்டும் என்பார்கள். முனிரத்தினத்துக்கு அது தேவைப்படவே இல்லை. முப்பது வருஷத்துக்கும் மேலாக அவர் சும்மா இருந்தார், பொய் தானாக வளர்ந்தது. டீக்கடையில் யாராவது புது ஆள், "தொண்ணூத்தொண்ணுல கோப்பை ஜெயிச்ச கேப்டன் நீங்கதானாமே?" என்று கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் ஆமாமும் இருந்தது, இல்லையும் இருந்தது. கேட்டவன் ஆமாமை எடுத்துக்கொண்டு போவான். கோப்பை வேறு அவர் வீட்டு டி.வி. பக்கத்திலேயே இருந்ததால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்தக் காலத்தில் பிச்சாட்டூர் ஏரி கோடையில் சுருங்கிப்போகும். காய்ந்த மண்ணில் வட்டமாகச் சுண்ணாம்பு போட்டு, சைலன்சர் கழற்றிய பைக்குகளை விடுவார்கள். அதற்கு மண் ஓட்டம் என்று பெயர். ஓர் அணிக்கு இரண்டு பேர் ஓட்டுவார்கள், நாலு சுற்று, வளைவெல்லாம் இடது பக்கம். பிரேக்கைத் தொட்டால் மானம் போச்சு. வளைவு வந்தால் இடது காலை மண்ணில் ஊன்றி, வண்டியைச் சாய்த்து இழுக்கவேண்டும். தோல் செருப்பு ஒரே ஓட்டத்தில் பிய்ந்துவிடும். மற்றவர்கள் காலில் தகரத்தைக் கட்டிக்கொள்வார்கள். கேப்டனுக்கு மட்டும் லாரி ஸ்பிரிங் பட்டையைத் தட்டிச் செய்த இரும்புச் செருப்பு உண்டு. ஒரு கேப்டன் ஓய்ந்தால் அடுத்தவன் அதில் கால் வைப்பான். பட்டறைக்காரர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுபோல அதன் பக்கத்தில் அவன் பெயரை வெட்டுவார். அணியின் சரித்திரம் என்று ஏதாவது எழுதப்பட்டிருந்தால் அந்தச் செருப்பில்தான்.

கேப்டனுக்கு வேலை ஜெயிப்பது இல்லை. வெளி ஓரத்தில் போய், முந்த வருகிற எதிரணிக்காரனை மறித்து, புழுதியையும் கல்லையும் தன் மூஞ்சியில் வாங்கிக்கொண்டு, உள் ஓரத்தைத் தன் கூட்டாளிக்கு விடுவது. விழுந்தாலும் அவன்தான் விழவேண்டும்.

தொண்ணூற்றொன்றில் ஆறாவது கேப்டன் வேணுவுக்கு ஓட்டத்துக்குப் பத்து நாள் முன்னால் தோள் எலும்பு முறிந்தது. வேணு யாரையும் கேட்கவில்லை. செருப்பை எடுத்துக்கொண்டு நேரே காலனிக்குப் போய், தன் ராஜ்தூத் பைக்கில் பால் கேன் கட்டிக்கொண்டு போகும் வெங்கடசாமியின் காலில் மாட்டிவிட்டார். ஊர் முணுமுணுத்தது. ஆனால் எதிரணி நகரிக்காரனை ஜெயிக்கவேண்டுமே! ஆசை வந்தால் ஊருக்கு ஆசாரம் மறந்துவிடும், பத்து நாளைக்கு.

கடைசி வளைவில் முனிரத்தினம் உள்ளே, வெங்கடசாமி வெளியே. பின்னால் நகரிக்காரன் முட்டிக்கொண்டு வந்தான். "திரும்பிப் பாக்காதே, போடா!" என்று வெங்கடசாமி கத்தினான். முனிரத்தினம் போனார், முதலில் கோட்டைத் தாண்டினார். பின்னால் இரண்டு வண்டிகள் மோதி உருண்டன. வெங்கடசாமிக்கு முன்பல் மூன்று போயிற்று. ஏரிக்குள் இருக்கும்வரைதான் அந்த 'டா'. கரை ஏறியதும், ரத்தம் வழிகிற வாயோடு, "ஜெயிச்சிட்டீங்க" என்றான். முனிரத்தினம் வீட்டு நிலத்தில் கூலிக்கு வருகிறவன் வேறு எப்படிப் பேசுவான்?

மறுநாளே வேணு செருப்பில் அவன் பெயரையும் வெட்டச் செய்து கொண்டுவந்தார். ஏழாவது பெயர். அடுத்த கோடையில் முனிரத்தினத்தைக் கேப்டனாக்கி, செருப்பை நீட்டினார்கள். முனிரத்தினம் பின்வாங்கினார். "அவன் கால் வச்சதுல நான் கால் வைக்கணுமா?" என்று பள்ளிக்கூடத்து மைதானத்தில் எல்லார் எதிரிலும் கேட்டார். வெங்கடசாமியும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். புதிதாக ஒரு செருப்பு அடித்தார்கள். பழையதை வெங்கடசாமியே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனான். வேணு வெட்டவைத்த பெயர் நிற்கவில்லை, அந்தக் கேள்விதான் ஊரில் நின்றது. வேணு செத்துப்போனார், பட்டறைக்காரரும் போய்ச் சேர்ந்தார், மண் ஓட்டமும் நின்றுபோனது. தொண்ணூற்றொன்றை முனிரத்தினத்தின் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்போது திருப்பதியில் பைக் ஷோரூம் வைத்திருக்கும் சுதீருக்கு, பழைய கேப்டன்களுக்கு விழா எடுக்கவேண்டும் என்று ஆசை வந்தது. ஷோரூமில் மேனேஜராக இருப்பவன் முனிரத்தினத்தின் மகன் ஹரிபிரசாத். கேட்கவேண்டுமா! திருச்சானூரில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்து, எழுபதுகள், எண்பதுகள், தொண்ணூறுகள் என்று பிரித்து ஃப்ளெக்ஸ் அடித்தார்கள். நடுவில் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு பெரிதாக முனிரத்தினம். கீழே 'கோப்பை வென்ற கேப்டன், 1991'. உயிரோடு இருந்த கேப்டன் அவர் ஒருவர்தான். முன்வரிசையில் மனைவி பொன்னியம்மாள் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது.

செத்துப்போன கேப்டன்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து, கை தட்டிக்கொண்டிருந்தபோதுதான் வெங்கடசாமி வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் துணிப்பை. கூடவே மகள் யமுனா. புத்தூரில் நர்ஸ். அவளைப் பார்த்ததும் முனிரத்தினத்துக்குப் புரிந்துவிட்டது. வெங்கடசாமி தானாக வந்திருக்கமாட்டார், இந்தப் பெண்தான் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

பைக்குள் இருந்தது அந்தச் செருப்புதான். துரு இல்லை, எண்ணெய் போட்டு வைத்திருந்தார். சுதீர் துள்ளாத குறை. "ஒரிஜினலா! சால சந்தோஷம் பெத்தாயனா!" என்று பெரியவரைத் தெலுங்கில் கொண்டாடி வாங்கிக்கொண்டு மைக்குக்குப் போய், பக்கத்தில் வெட்டியிருந்த பெயர்களைப் படிக்க ஆரம்பித்தான். ஆறு பெயரும் ஃப்ளெக்ஸில் இருந்தவை. ஆறாவது வேணு. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஏழு... வெங்கடசாமி. இது யாரு? ஃப்ளெக்ஸ்ல இல்லையே?"

"எங்க நைனா சார் அது," என்று கீழேயிருந்து யமுனா எழுந்தாள். "தொண்ணூத்தொண்ணுல அவர்தான் கேப்டன். அவர் வாயப் பாருங்க, பல்லு போனது அன்னிக்குத்தான். நான் சொல்றத நம்பவேணாம். கூடவே ஓட்டினவரு மேடைலயே குந்திகினுகீறாரு. அவரையே கேளுங்க."

சுதீர் மைக்கை முனிரத்தினத்திடம் நீட்டினான்.

இதைச் சொன்னால் எல்லாரும் நம்பக்கூடியவர் இனி அவர் ஒருவர்தான். 'ஆமாம்' என்று ஒரு சொல். அது தொண்டைவரை வந்ததும் உண்மை. இவ்வளவு அயோக்கியனாக இருந்தாலும் மனுஷன் மனுஷன்தானே. ஆனால் ஃப்ளெக்ஸில் அவர் முகம் அவ்வளவு பெரிதாக இருந்தது. ஹரிபிரசாத் ஓரத்தில் வெளிறி நின்றான். பொன்னியம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முனிரத்தினம் வழக்கம்போலச் சிரித்துப் பார்த்தார். இந்த முறை சிரிப்பு போதவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள்.

"அது ஒண்ணும் இல்ல," என்றார். "பாத்திரத்துல கடைசில செஞ்சவன் பேரு போடுவாங்க இல்ல? அந்த மாதிரி. வெங்கடசாமி அப்போ பட்டறைல கையாளா இருந்தான். நல்ல வேலைக்காரன். அந்தப் பொண்ணு சின்னதா இருக்கச்சொல்ல இன்னான்னு கேட்டுச்சோ."

சோற்றில் முழுப் பூசணிக்காயை மறைப்பது கஷ்டம் என்பது சும்மா. பந்தி பெரிதாக இருந்தால் மறைத்துவிடலாம். நானூறு பேர் "ஓஹோ" என்று தலையாட்டினார்கள். யமுனா மட்டும், "பொய்!" என்று கத்தினாள். "நைனா, நீ சொல்லு. எழுந்து சொல்லு நைனா!"

மைக் கீழே வெங்கடசாமியிடம் போயிற்று. "பெத்தாயனா, நீங்க செஞ்சதுதானா?" என்று சுதீர் மரியாதையாகத்தான் கேட்டான்.

வெங்கடசாமி மேடையைப் பார்த்தார். முனிரத்தினம் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். எல்லாம் சேர்ந்து ஒரு வளைவு போகிற நேரம்தான் இருக்கும்.

"ஆமாங்க," என்றார். "நான் செஞ்சதுதான்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கேப்டன்களுக்குக்கூட அப்படித் தட்டவில்லை. செய்தவருக்கும் மரியாதை என்று சுதீர் ஒரு சால்வையைக் கொண்டுவரச் சொன்னான். வெங்கடசாமியை மேடையேற்றினார்கள். போர்த்தினார்கள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. போட்டோக்காரனுக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது.

"சார், செஞ்சவரே கேப்டன் கால்ல மாட்டிவிடட்டும். சூப்பரா வரும்."

முனிரத்தினம் இடது காலை நீட்டினார். நீட்டாமல் என்ன செய்வார்? எந்தச் செருப்பில் கால் வைக்கமாட்டேன் என்று ஊர் நடுவில் சொன்னாரோ, அதே செருப்பு. வெங்கடசாமி சால்வையோடு மண்டியிட்டு, வாரை இழுத்துப் பக்கிள் போட்டார். அளவு சரியாக இருந்தது. குனிந்த தலையோடு, மைக்குக்குக் கேட்காதபடி அவர் சொன்னார்:

"திரும்பிப் பாக்காதீங்க. போங்க."

முனிரத்தினத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்றைக்கு வெளி ஓரத்தில் வந்து மறித்தானே, அதே மாதிரி இன்றைக்கும் மறித்துவிட்டான். அந்த நேரத்தில் அவனைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்போலவும் இருந்தது, எட்டி உதைக்கவேண்டும்போலவும் இருந்தது. அவர் இரண்டையும் செய்யவில்லை. போட்டோவுக்குப் பார்த்தார்.

திரும்பிப் பார்க்கத்தான் பார்த்தார், பிறகு. வெங்கடசாமி மேடையிலிருந்து இறங்கி மகளிடம் போய்க்கொண்டிருந்தார். கையை நீட்டினார். யமுனா பின்னால் நகர்ந்தாள்.

"சின்ன வயசுலேந்து ராத்திரி ராத்திரி சொன்னியே நைனா," என்றாள். "ஸ்கூல்ல எல்லார் கிட்டயும் சொன்னேன். ஆஸ்பத்திரில சொன்னேன். என் புள்ளைக்கிட்ட சொல்லிகினு கீறேன். எல்லாம் பொய்யா?"

வெங்கடசாமி அந்த மூன்று பல் இல்லாத வாயைத் திறந்தார். அவளிடம் உண்மையைச் சொன்னால் அவள் அங்கேயே மேடைக்குத் திரும்பிப் போவாள் என்று அவருக்குத் தெரியும்.

"ஆமாம்மா," என்றார். "சும்மா சொன்னேன்."

அவள் அவருக்காக நிற்கவில்லை. தனியாக வாசலுக்குப் போய், ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். வெங்கடசாமி சால்வையை மடித்து, செருப்பு இருந்த துணிப்பையில் வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு நிற்காமல் போனார். செருப்பை ஹரிபிரசாத் ஷோரூமுக்கு எடுத்துக்கொண்டான். கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகிறார்களாம். கீழே ஓர் அட்டை: 'செய்தவர் வெங்கடசாமி.'

சாயங்காலம் காரில் ஊர் திரும்பினார்கள். வழியெல்லாம் ஹரிபிரசாத் பேசிக்கொண்டே வந்தான், விழா எவ்வளவு நன்றாக நடந்தது என்று. பொன்னியம்மாள் தலையாட்டிக்கொண்டே வந்தாள். 'அவளும் என் பேச்சை நம்பிவிட்டாளே' என்று முனிரத்தினம் நினைத்துக்கொண்டார். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவள் நம்பிவிட்டால் மெள்ள மெள்ளத் தானும் நம்பிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

வீட்டு வாசலில் காலை வைக்கப்போனவரை அவள் கையை நீட்டித் தடுத்தாள். உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்தாள்.

"அந்தக் காலக் கழுவிகினு உள்ள வா."

"எதுக்கு?" என்றார் முனிரத்தினம். "பட்டறைல செஞ்ச சாமான்தானே?"

பொன்னியம்மாள் சுற்றும்முற்றும் பார்த்தாள். மகன் காரை ஓரம் கட்டிக்கொண்டிருந்தான். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குத் தெரியாதா அது யார் கால்ல கெடந்ததுன்னு? நானும் அன்னிக்கு ஏரிக்கரைல நின்னுகினுதான் பார்த்தேன். கழுவு."

அவள் தண்ணீரை ஊற்றினாள். கோப்பை வென்ற கேப்டன் குனிந்து, இடது காலைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினார்.