குளிர்ந்த இஞ்சின்

சாவியைத் திருப்பியதும், குளிர்ஜுரம் கண்ட பிள்ளையைப் போலக் கார் உதறியது. பின்சீட்டிலிருந்த ரஞ்சனியின் பெரிய பையும் கூடவே உதறுவதைக் கண்ணாடியில் பார்த்தான் ஆனந்தகுமார். புதுச்சத்திரத்திலுள்ள அம்மா வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறாள் அவன் மனைவி. எப்போது திரும்புவாள் என்று சொல்லவில்லை.

"ஆஃப் பண்ணீராதீங்க தம்பி, அப்படியே உடுங்க," என்றார் மெக்கானிக் மாதேஸ்வரன்.

பட்டறைக்குக் கொண்டுபோகும் போதெல்லாம் வழியிலேயே சூடேறி வண்டி சாதுவாகிவிடும். ஆறிக் கிடக்கும்போதே பார்க்க வேண்டுமென்று இன்று விடியலில் அவரே பள்ளிபாளையத்துக்கு வந்துவிட்டார். காவிரியிலிருந்து எழுந்த பனி தெருவுக்குள் நுழைந்து, திறந்திருந்த பானட்டைத் தடவிக்கொண்டு போனது. எல்லாமே பாதித் தூக்கத்தில் நடப்பதுபோல் இருந்தது அவனுக்கு.

சிலிண்டர்களுக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் காயில்களின் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினார் மாதேஸ்வரன். முதலாவதைப் பிடுங்கியதும் இஞ்சின் இன்னும் தடுமாறியது. இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவதைப் பிடுங்கினார். ஒரு மாற்றமும் இல்லை.

"இந்த மூணாவது சிலிண்டரு, இவுருதான். மத்தவங்க இழுக்க, இவுரு சும்மா ஒக்காந்துட்டு வாராரு."

ஆனந்தகுமாருக்குச் சுருக்கென்றது. வீட்டை ரஞ்சனியிடம் விட்டுவிட்டு, நூல் வியாபாரத்துக்காக வாராவாரம் வெளியூர் ஓடுகிறவன் அவன். போன மாதம் வடக்கத்தி வியாபாரி ஒருவர் பானட்டில் அவள் வைத்திருந்த குங்குமப் பொட்டைப் பார்த்துச் சிரித்தார் என்று, அவள் கண்ணெதிரிலேயே அதை அழித்தான். இனிமேல் என் வண்டிக்கு எதுவும் வைக்காதே என்றான். அன்றோடு வீட்டில் பேச்சு நின்றுபோனது.

வண்டியை அணைக்கச் சொல்லி, மூன்றாவது காயிலை உருவினார் மாதேஸ்வரன். அதன் அடியிலிருந்த பிளக் குழிக்குள் விட்ட பஞ்சு மஞ்சளாக நனைந்து வந்தது. முகர்ந்து பார்த்தார்.

"ஏனுங் தம்பி, இஞ்சினுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துனது ஆருங்க? காயிலோட ரப்பர் கிழிஞ்சு தண்ணி உள்ள எறங்கிருக்குது. சூடேறுனா காஞ்சுருது, அப்பறம் நல்லா ஓடுது."

செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் கேட்டுக்கு அருகே நின்ற ரஞ்சனி தலை நிமிரவில்லை.

"நாந்தானுங்க. வெளிய பொட்டு வெச்சா அவுங்களுக்கு ஆகாது. அதான் பானட்டத் தூக்கி... ஊருக்குக் கெளம்பறாங்கன்னா, முந்துன நாள் சாயங்காலம்."

"எங்கூடப் பேசவே இல்லியே நீ?" என்றான் ஆனந்தகுமார்.

"பேசாட்டி? நீங்க நல்லபடியா ஊடு வந்து சேர வேண்டாமுங்களா?"

"அம்மிணி, மேலுக்குத் தெளிச்சாப் போதும். இவுருக்குக் குளியல் ஆகாது," என்று சிரித்தபடி குழியைத் துடைத்து, புது ரப்பர் போட்டு மூடினார் மாதேஸ்வரன்.

இந்த முறை இஞ்சின் சத்தமில்லாமல் எழுந்தது. ரஞ்சனி பின்கதவைத் திறந்து பையருகே உட்கார்ந்தாள். ஆனந்தகுமார் கியரைத் தொடவில்லை.

"குங்குமச் சிமிழ் இருக்குதா?"

அவள் கண்ணாடியில் அவன் கண்களைத் தேடினாள்.

"பையோட அடியிலீங்க."

"எடு."

ஜிப்பை இழுத்தாள். மடித்து வைத்திருந்த சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துச் சீட்டில் வைத்தாள். இடம் நிறைந்ததும் முன்சீட்டுக்கும் நீட்டினாள். அவன் வாங்கி மடியில் அடுக்கிக்கொண்டான். மேலேயிருந்த சேலையின் தொங்கும் நூல்முனைகூட அசையாதபடி ஓடிக்கொண்டிருந்தது இஞ்சின்.