ஓட்டை இல்லாத இலைகள்

பதினேழாம் எண் பையைப் பிரித்ததுமே, ஆய்வகத்தில் எல்லாரும் தாடி என்று கூப்பிடும் ஆய்வாளர் சிரித்துவிட்டார்.

"உங்க வீட்டு மாப்பிள்ளை வந்துட்டாரு."

"பையில எண் மட்டும்தான் இருக்கு. யாரோடதுன்னு நமக்குத் தெரியாது" என்றாள் அவரோடு வேலை பார்க்கும் கறார்.

"எனக்கும் தெரியாதுங்க. ஆனா இலையைக் குளிப்பாட்டி, துவட்டி, இஸ்திரி போட்டு அனுப்புற ஆளு ஊர்ல வேற யாரு?"

அவள் எட்டிப் பார்த்தாள். எல்லா இலையும் ஒரே நீளம், ஒரே பச்சை. ஓர் ஓட்டை இல்லை, ஒரு கிழிசல் இல்லை. சந்தேகமே வேண்டாம், அக்கா வீட்டுக்காரர்தான்.

"தெரிஞ்சவங்க பைன்னு தோணினாலே கை மாத்தணும். நீங்களே சோதனை போடுங்க" என்று பையை அவர் பக்கம் தள்ளிவிட்டு, எழுந்து போய்க் குடுவைகளைக் கழுவ ஆரம்பித்தாள்.

மூலிகை ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருஷம். தராசில் கடைசி இலக்கம் ஆடினால்கூட மறுபடி முதலிலிருந்து நிறுப்பாள். கறார் என்ற பெயர் சும்மா வரவில்லை. இப்போது அவள் அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது.

விஷயம் இதுதான். குழந்தைகள் மருத்துவமனை ஒன்று இருமல் மருந்து தயாரிக்க ஒரு செடியின் இலையைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த இலையில் உள்ள கசப்புச் சத்துதான் சளியை இளக்குகிறது. நூற்றுக்கு இரண்டு பங்காவது அது இருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் பயிரிட்டு அனுப்பலாம், ஆனால் மூன்றே வாய்ப்பு. மூன்றிலும் தேறாவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அத்தான், வீட்டுக்குப் பின்னால் இருந்த நிலம் முழுக்க இரண்டு வருஷமாக அந்தச் செடியைத்தான் வளர்க்கிறார். முதல் பை தேறவில்லை. இது இரண்டாவது.

மத்தியானம் தாடி கண்ணாடித் தகட்டை ஊதா விளக்கின் கீழ் வைத்தார். இலைச் சாற்றைத் தகட்டில் சொட்டு வைத்து, கரைப்பானில் நிறுத்தினால் சத்துகள் தனித்தனியாகப் பிரிந்து மேலே ஏறும். கசப்புச் சத்து இருந்தால் நடுவில் மஞ்சளாக ஒரு பொட்டு மினுங்கும். பதினாறாம் எண்ணில் அது டார்ச் அடித்த மாதிரி மினுங்கியது. பதினேழில் பொட்டு இருக்கிறதா என்று குனிந்து தேட வேண்டியிருந்தது.

"பதினாறு எப்படிப்பட்ட இலை?" என்று கேட்டாள்.

"அதை இலைன்னு சொல்லாதீங்க, சல்லடைன்னு சொல்லுங்க. பூச்சி தின்னு மிச்சம் வச்சதை அள்ளிப் போட்டு அனுப்பியிருக்காங்க."

அந்தப் பதில் அவள் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பெரிய கருவி அளந்து சொன்ன கணக்கும் அதேதான்: நூற்றுக்கு அரைப் பங்கு. அறிக்கை தபாலில் போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவின் போன் வந்தது.

"நீ உடனே கிளம்பி வா. மூணாவது தடவை அனுப்ப மாட்டாராம். நாளைக்கு டிராக்டரை வரச்சொல்லி எல்லாத்தையும் உழுதுடப் போறாராம். ரெண்டு வருஷமா என்கிட்ட பேசினதைவிட அந்தச் செடிகள்கிட்ட பேசினதுதான் அதிகம். இப்ப அதுங்களும் போச்சுன்னா இந்த மனுஷன் என்ன ஆவாரு?"

அவள் போய்ச் சேர்ந்தபோது அறிக்கை குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. அதில் ஒரே ஒரு வரிக்கு அடியில் சிவப்புக் கோடு. 'இலையின் நிலை: முழுமை. பூச்சிக்கடி ஏதும் இல்லை.'

"பார்த்தியா மச்சினி, உங்க ஆபீஸே சர்டிபிகேட் குடுத்திருக்கு" என்றார் அத்தான். "அதுக்குக் கீழே 'குறைவு'ன்னு போட்டிருக்கானே, அந்த மெஷினைத்தான் ரிப்பேர் பார்க்கணும்."

"மெஷினுக்கு ஒண்ணும் இல்ல அத்தான். நிலத்தைக் காட்டுங்க."

நிலம் முழுக்கக் கொசுவலை மாதிரி வெள்ளை வலை. உள்ளே செடிகள் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வந்த பெண்கள் மாதிரி தலை நிமிராமல் நின்றன. அத்தான் சட்டைப் பையிலிருந்து இடுக்கியை எடுத்தார். எப்படியோ உள்ளே நுழைந்துவிட்ட ஒரு கம்பளிப்பூச்சியைப் பக்குவமாகப் பிடித்துத் தகர டப்பாவில் போட்டார்.

"கொல்ல மாட்டேன். ரோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுடுவேன். காலையில ஒரு ரவுண்டு, சாயங்காலம் ஒரு ரவுண்டு."

"பஸ் ஓட்டின புத்தி" என்றாள் அக்கா. "பூச்சியைக்கூட ஏத்தி இறக்குறாரு."

கறார் வலைக்குள்ளிருந்து ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டாள். மென்றாள். கீரை மாதிரி இருந்தது.

"பார்த்தியா, கசக்கவே கசக்காது" என்றார் அத்தான் பெருமையாக. "குழந்தைங்க கேட்டு வாங்கிச் சாப்பிடும்."

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், வலைக்கு வெளியே, தானாக முளைத்த ஒரே ஒரு செடி நின்றது. அதில் உருப்படியாக ஓர் இலைகூட இல்லை. கந்தலில் கொஞ்சம் கிள்ளி மென்றாள். கசப்பு நாக்கில் ஆரம்பித்து காது வரைக்கும் ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அய்யோ, என்னடி?"

"தண்ணி குடுக்கா." குடித்து முடித்துத்தான் பேச முடிந்தது. "அத்தான், இது எந்த விதை?"

"எல்லாம் ஒரே விதைதான். அந்தக் கழுதை கை தவறி விழுந்தது. கவனிக்கிறதில்ல."

"கவனிக்காததாலதான் அது தேறியிருக்கு. செடி எதுக்குக் கசப்பைச் செய்யுது, நமக்கு இருமல்னு இரக்கப்பட்டா? தன்னைத் தின்ன வர்றவனை விரட்டத்தான். நீங்க வலை கட்டி, காவல் காத்து, வர்றவனை ரோட்டைத் தாண்டி விட்டுட்டு வர்றீங்க. அப்புறம் அது எதுக்கு மெனக்கெடணும்?"

அத்தான் தகர டப்பாவைத் திறந்து உள்ளே இருந்த பூச்சியைப் பார்த்தார்.

"அப்ப நான் ரெண்டு வருஷமா செஞ்சது?"

"நல்லா வளர்த்திருக்கீங்க. மருந்தாதான் வளர்க்கல."

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது. ரெண்டு இலையை மென்னுட்டு அதை ஆய்வுன்னு சொல்ல மாட்டேன். பாதி வலையை மட்டும் எடுத்துட்டு மூணு வாரம் விடுங்க. அந்தப் பாதியிலேருந்து பறிச்சு அனுப்புங்க. டிராக்டர் எங்கயும் ஓடிடாது."

"இதையெல்லாம் நீ எனக்குச் சொல்லலாமா? உங்க விதிப்படி?"

"உங்களுக்கு மட்டும் சொன்னாத்தான் தப்பு. நாளைக்கே பட்டியல்ல இருக்கிற எல்லாருக்கும் இதையே எழுதி அனுப்பச் சொல்லப்போறேன்."

"இவளைப் பெத்தாங்களா, அச்சடிச்சாங்களா" என்றார் அத்தான் அக்காவைப் பார்த்து. ஆனால் வலையில் கை வைக்க அவருக்கு மனசு வரவில்லை. அக்காதான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்ப் பாதி வலையை அவிழ்த்தாள்.

அந்த மூன்று வாரமும் தினம் சாயங்காலம் போன் அடித்தது.

"இன்னைக்கு ஏழு ஓட்டை மச்சினி."

"நல்லது அத்தான்."

"மூணாவது வரிசை ஓரத்துல இருக்கிற பொண்ணைப் பாதி காணோம்."

"ரொம்ப நல்லது அத்தான்."

"உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?"

"இடுக்கி எங்க இருக்கு?"

"உங்க அக்கா பூட்டி வச்சிருக்கா."

மூன்றாவது சுற்றில் எட்டுப் பைகள் வந்தன. தாடி ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் கொட்டிவிட்டுத் தாடியைச் சொறிந்தார்.

"எட்டும் சல்லடை. உங்க ஆளு எதுன்னு இந்தத் தடவை கண்டுபிடிக்க முடியலையே."

கறாரும் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. எதைக் கை மாற்றுவது?

"எட்டையும் நீங்களே போடுங்க."

"அநியாயம். எட்டுக்கும் நான் ஒருத்தனா?"

"குடுவை கழுவுறது, தராசு துடைக்கிறது, டீ வாங்கிட்டு வர்றது எல்லாம் நான்."

ஊதா விளக்கை அவர் போட்டபோது, தள்ளி நிற்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தவள் தன்னையறியாமல் பக்கத்தில் வந்து நின்றாள். தகட்டில் ஏழு பொட்டுகள் பளிச்சென்று மினுங்கின. ஒன்று மங்கல்.

"ஒருத்தர் அவுட்டு" என்றார் தாடி.

எந்த எண் யாருடையது என்பது அலுவலகத்தில் ஒட்டிய உறைக்குள் இருந்தது. மறுநாள் காலையில்தான் பிரிப்பார்கள். அத்தானுக்கு மனசு வராமல் ரகசியமாக ரெண்டு பூச்சியைப் பிடித்திருந்தால்? அன்று அவள் ஒரே குடுவையை மூன்று தடவை கழுவினாள்.

மறுநாள் பத்தரைக்கு போன் அடித்தது.

"அத்தான்?"

"ரெண்டு புள்ளி நாலாம்."

அவள் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தாடி என்ன என்று சைகையால் கேட்டார். இரண்டு விரலைக் காட்டி, பிறகு நான்கைக் காட்டினாள். அவர் வெள்ளைக் கோட்டோடு சின்னதாக ஓர் ஆட்டம் போட்டார்.

"ஆஸ்பத்திரியிலேருந்து பேசினாங்க" என்றார் அத்தான். "முழு நிலத்து இலையும் வேணுமாம். இன்னும் ஒரு மாசத்துல ஆளு வருவாங்களாம்."

"அப்ப மீதிப் பாதி வலை?"

"நீ கொஞ்சம் லைன்லயே இரு."

போனைக் கீழே வைக்கும் சத்தம். அக்காவின் குரல்: "மெதுவா, கம்பியில மாட்டிக்கிச்சு பாருங்க." பிறகு நீளமாக ஏதோ கிழியும் சத்தம். அதற்குப் பிறகு, தூரத்தில், பஸ் நிறுத்தத்தில் காத்து நிற்பவர்களை அழைக்கும் குரலில் அத்தான் சொல்வது கேட்டது.

"வாங்கடா, வாங்க. முண்டியடிக்காதீங்க, எல்லாருக்கும் இடம் இருக்கு."