பக்கத்து சீட்டு

"வீட்ல கயிறு இருக்கா பாப்பா? தடிமனா, நீளமா?"

ஃபீபி அப்பாவின் முழுக்கைச் சட்டைக்கு மணிக்கட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருந்தாள். அண்ணன் சொன்னது சரியாகத்தான் கேட்டது. இருந்தாலும், "இன்னாது?" என்றாள்.

"கயிறு. பிளேனைக் கட்டணும். எறங்கிட்டேன், ஆனா காத்து ஏறிக்கிட்டே போவுது. விட்டுட்டு வர முடியல. யார்கிட்டயாவது குடுத்தனுப்பேன்."

அவள் பதில் சொல்லாமல் போனை அணைத்தாள். பட்டன் துவாரத்துக்குள் போக மறுத்தது. ஃப்ரீசர் பெட்டியிலிருந்து அப்பாவை அப்போதுதான் மரப்பெட்டிக்கு மாற்றியிருந்தார்கள். கை ஜில்லென்று விறைத்திருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே அவள் பல்லைக் கடித்தாள். சாவு வீட்டுக்கு போன் பண்ணி ஒருத்தன் கயிறு கேட்கிறான். அதுவும் செத்தவரின் ஒரே மகன்.

"யாரு, இவானா? வந்துட்டானா?" தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா இன்பம் கேட்டாள். நேற்று சாயங்காலத்திலிருந்து அவள் கேட்கும் ஒரே கேள்வி இதுதான்.

"ஏர்போர்ட்ல எறங்கிட்டானாம்."

"அவன் வந்து மூஞ்சியப் பாக்காம பெட்டிய மூடக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

வாசலில் ஷாமியானாவின் கீழே சர்ச் ஐயர் அங்கியை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். நாலு மணிக்கு அடக்க ஆராதனை. சத்துவாச்சாரிக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அப்பாவின் முகமும் வெளியே எடுத்த கொஞ்ச நேரத்திலேயே நிறம் மாறத் தொடங்கியிருந்தது. இதையெல்லாம் அம்மாவிடம் யார் சொல்வது? ஃபீபிதான் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள் அவள், டயாலிசிஸ் முடியும்வரை ஸ்கூல் பரீட்சைத் தாள்களை மடியில் வைத்துத் திருத்தியபடி காத்திருந்தவள் அவள். பெட்டியை எப்போது மூடுவது என்பது மட்டும் இவான் வந்தால்தான்.

பெங்களூரிலிருந்து காரில் வந்தால் நாலு மணி நேரம். ராத்திரியே கிளம்பியிருந்தால் விடிவதற்குள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். இவானுக்கு கார் ஆகாது. அவன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பது வாரத்தில் ஐந்து நாள். மீதி இரண்டு நாள் அவன் கேப்டன். பிளேன் ஓட்ட லைசென்ஸ் எடுத்திருந்தான். சிநேகிதன் ஒருவனுக்கு இரண்டு பேர் உட்காரும் குட்டி பிளேன் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, பெரிய பிளேன் எதுவும் வராத சின்னச் சின்ன ஏர்போர்ட்டாகத் தேடிப் போய் இறங்குவான். அங்கே காவலுக்கு இருப்பவர் போட்டுத் தரும் டீயைக் குடிப்பான். அவர் பிள்ளைகளைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து போட்டோ எடுப்பான். பிறகு வீடியோவில் வந்து, 'சின்ன ஏர்போர்ட்ல இருக்கற பாசம் பெரிய ஏர்போர்ட்ல வராதுங்க' என்று உருகுவான்.

அந்த வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்த ஒரே ஜீவன் அப்பாதான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர் சுந்தர்ராஜ். மெஷின் ஓசையில் பாதிக் காது போயிருந்தது. டயாலிசிஸ் கட்டிலில் படுத்துக்கொண்டு போனை உச்சத்தில் அலற விடுவார். பக்கத்துக் கட்டில்காரரிடம், "என் பையன். தனியா ஓட்றான் பாருங்க" என்பார். நர்ஸ் வந்து திட்டினால், அவளுக்கும் காட்டுவார்.

"நம்மூர்லயும் ஒரு ஏர்போர்ட்டு சும்மாதானே கெடக்குது. ஒரு வாட்டி எறங்கேன்டா" என்று எத்தனையோ முறை கேட்டிருந்தார். "பர்மிஷன் வாங்கறது பேஜார்ப்பா, பாக்கலாம்" என்பான் இவான். ஒரு தடவை அவரே கிளம்பி பெங்களூர் போனார், மகன் பக்கத்தில் உட்கார்ந்து பறக்க. அன்றைக்கென்று இவானின் மேலதிகாரி பறக்க வந்துவிட்டார். பக்கத்தில் இருப்பதோ ஒரே சீட்டு. அப்பா பிளேன் ஷெட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன எலுமிச்சை சாதத்தைத் தின்றுவிட்டு, சாயங்கால வண்டியில் திரும்பினார். வீட்டில், "சூப்பரா இருந்துச்சு" என்றார். அம்மாவிடம் மட்டும்தான் உண்மையைச் சொன்னார். அம்மா சொல்லித்தான் ஃபீபிக்குத் தெரியும்.

ஃபீபி மொட்டை மாடிக்கு ஏறினாள். துணி காயப்போடும் நைலான் கயிற்றை அரிவாள்மனையால் அறுத்து எடுத்தாள். பக்கத்து வீட்டு கோவிந்தம்மாள் படியில் வழி மறித்தாள். "எங்கம்மா போற இந்நேரத்துல?"

"அண்ணனக் கூட்டியார. ஐயர கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க அத்தே."

ஸ்கூட்டியில் ஊரைத் தாண்டும்வரை எதிர்க்காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. கயிறு வேண்டுமென்றால் கயிறு. கட்டித் தொலைத்துவிட்டு வந்து சேரட்டும். அப்பாவுக்காக இல்லை, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளுக்காக.

ஏர்போர்ட் கேட் திறந்தே கிடந்தது. காவலுக்கு இருந்தவர் தூரத்தில், பிளேனின் ஒரு இறக்கையை அண்ணாந்து பிடித்துக்கொண்டு நின்றார். மறு இறக்கையை இவான் பிடித்திருந்தான். வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை, கறுப்புக் கண்ணாடி. காற்று ஒவ்வொரு முறை வீசும்போதும் பிளேன் எழும்பப் பார்த்தது, இருவரும் நுனிக்காலில் நின்றார்கள்.

"வந்துட்டியா பாப்பா, தேங்க் காட்" என்றான் இவான். கயிற்றைத்தான் முதலில் பார்த்தான்.

காவலர் கயிற்றை வாங்கி, தன் பக்கத்து இறக்கையை அங்கே கிடந்த சிமெண்ட் கட்டையோடு சேர்த்து இறுக்கினார். சட்டையில் தன்சீல் அகமது என்று பெயர் குத்தியிருந்தது. "ஒரு பக்கத்துக்குத்தான் சரியா வந்துச்சு மேடம்" என்றார், ஏதோ அவர் செய்த தப்பைப் போல.

"உன் கயிறு எங்க?" ஃபீபி அண்ணனைக் கேட்டாள். "வீடியோல ஒரு பை காட்டுவியே. சின்ன ஏர்போர்ட்டுக்குப் போனா கயிறும் முளையும் நாமதான் எடுத்துட்டுப் போவணும்னு ஊருக்கே பாடம் எடுப்பியே."

"எடம் பத்தலடி. அத வெக்கறதுக்காக பைய எடுத்துட்டேன்." முகவாயால் பிளேனுக்குள்ளே காட்டினான்.

அவள் பிளேனின் ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பக்கத்து சீட்டில் ஒரு மலர்வளையம் உட்கார்ந்திருந்தது. வண்டிச் சக்கரம் அளவுக்கு, வெள்ளை லில்லியும் ரோஜாவுமாக. அசங்கக் கூடாதென்று சீட் பெல்ட் போட்டிருந்தான். குறுக்கே ஓடிய ரிப்பனில், 'அன்பு அப்பாவுக்கு, கேப்டன் இவான்' என்று தங்க எழுத்து மின்னியது.

ஃபீபி ஜன்னலிலிருந்து முகத்தை எடுத்தாள். நேற்றிலிருந்து வராத அழுகை இப்போதாவது வருமென்று நினைத்தாள். வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

"அந்த சீட்ல ஒரு நாளாச்சும் அப்பாவ உக்கார வெச்சியா?"

"அதுக்குத்தான் பாப்பா இன்னிக்கு இதுலயே வந்தேன். நம்மூர்ல எறங்குன்னு கேட்டுக்கிட்டே இருந்தார்ல? நேத்துலேர்ந்து எத்தினி பேருக்கு போன் போட்டு பர்மிஷன் வாங்கினேன் தெரியுமா?"

"செத்தப்புறம் ஒரே ராத்திரியில கெடச்சிடுச்சா?"

இவான் இறக்கையில் பிடியை மாற்றிக்கொண்டான்.

"அவர் உயிரோட இருக்கச் சொல்ல பேஜார். செத்தாரு, ஒடனே கெடச்சிடுச்சு. அதே போனை, போன வருஷமே போட்டிருந்தா என்ன? அந்தாளு இந்த கேட்டாண்ட வெயில்ல நின்னு கைதட்டிட்டுப் போயிருப்பாரு. ஏறக்கூட வேணாம்னுவாரு."

"வேணும்னே பண்ணலடி."

"வேணும்னு பண்ணியிருந்தாகூட தேவலாம். நெனப்பே இல்லாம பண்ணியிருக்க பாரு, அதான் என்னால தாங்க முடியல." குரல் உடைந்தது. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "வா. அம்மா பெட்டிய மூட வுடல. அப்பா மூஞ்சி மாறிக்கிட்டிருக்குது. நீ வந்து பாத்துட்டா மூடிடலாம். அவ்ளோதான் வேணும். வண்டில ஏறு."

தன்சீல் அகமது இந்தப் பக்கம் வந்து இறக்கையில் கை வைத்தார். "நான் புடிச்சிக்கறேன் சார். நீங்க போய் உங்க வாப்பா முகத்தப் பாத்துட்டு வாங்க."

"இல்ல பாய், காத்து ஏறுது, இனிமே ஒருத்தரால முடியாது. ஒரு காத்துக்குக் கவுந்துடும்." இவான் பிடியை விடவில்லை. "பாப்பா, பத்து நிமிஷம். காத்து அடங்கட்டும். இது என்னுது இல்லடி. எதனா ஆச்சுன்னா நான் இன்னா பதில் சொல்வேன்?"

"அப்பா உன்னுதுதான்" என்றாள் ஃபீபி.

அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் இறக்கையைப் பார்த்தான். காற்று வந்தது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தான்.

அவள் ஸ்கூட்டியைத் திருப்பினாள். பின்னால் அவன் ஏதோ கத்தினான். காதில் வாங்கவில்லை.

வீட்டில் சர்ச் ஜனங்கள் பாடிக்கொண்டிருந்த பாட்டு நின்றிருந்தது. ஐயர் வேதாகமத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, பொறுமையின் எல்லையில் உட்கார்ந்திருந்தார். வாசலில் அமரர் ஊர்தியின் டிரைவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஃபீபி தனியாக உள்ளே நுழைந்ததைப் பார்த்ததும் எல்லோரும் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள்.

"எங்க அவன்?" என்றாள் இன்பம்.

வழியெல்லாம் ஒரு பொய் யோசித்து வைத்திருந்தாள். வருகிறான், வண்டி மாட்டிக்கொண்டது என்று. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்காக அந்தப் பொய்யைக்கூடச் செலவழிக்க மனம் வரவில்லை.

"பிளேனைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாம்மா. விட்டா கவுந்துடுமாம்."

"இன்னா கண்றாவி இது" என்றாள் கோவிந்தம்மாள்.

அப்பாவின் காதோரம் ஈ ஒன்று உட்கார்ந்தது. இன்பம் அதைக் கையால் ஓட்டினாள். நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். அவர் தலைமுடியைத் தன் விரலாலேயே வகிடெடுத்து ஒதுக்கிவிட்டாள். குனிந்து நெற்றியில் முத்தம் வைத்தாள். பிறகு ஐயரைப் பார்த்து, "மூடிடலாம் ஐயா" என்றாள்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போதே மழை பிடித்துக்கொண்டது. குழிக்குள் பெட்டி இறங்கியதும் முதல் பிடி மண்ணுக்காக எல்லோரும் இவானைத் தேடினார்கள், மகன்தான் போட வேண்டும் என்ற பழக்கத்தில். ஃபீபி முன்னால் வந்து குனிந்தாள். ஈர மண் பெட்டியின் மேல் தொப்பென்று விழுந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, குழி நிரம்பும்வரை அழுதாள்.

மேடு கட்டி முடித்து, கூட்டம் கலையும் நேரத்துக்கு ஒரு பைக் உள்ளே வந்தது. தன்சீல் அகமது ஓட்டினார். பின்னால் இவான் இருந்தான், தலை முதல் கால் வரை நனைந்து. ஜனங்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். அவன் மேட்டைப் பார்த்தான், மண்வெட்டியோடு நின்ற ஆட்களைப் பார்த்தான். "மூடிட்டீங்களா" என்றான், யாரிடம் என்றில்லாமல். மண் தள்ளிய ஆள் பரிதாபப்பட்டு ஒரு பிடி மண்ணை அள்ளி அவன் கையில் வைத்தான்.

இவான் அதை வைத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தான். "ம்மா" என்றான்.

இன்பம் குடைக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தாள். நாளெல்லாம் கேட்ட கேள்வியை அவள் கேட்கவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"பிளேன் பத்திரமா இருக்குதாப்பா?"

அவன் தலையை ஆட்டினான்.

"சரி" என்றாள். ஃபீபியின் கையைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து கேட்டை நோக்கி நடந்தாள். குடை இருவருக்குத்தான் போதுமாக இருந்தது. கேட்டருகே ஃபீபி ஒரு தடவை திரும்பினாள். கையில் வாங்கிய மண்ணை எங்கே போடுவது என்று தெரியாமல் இவான் அங்கேயே நின்றிருந்தான்.