'டேக்': ஐந்தாவது வாக்கியம்

1

பேட்டைப் பழைய புத்தகக் கடையில் ஒரு கிழிந்த நோட்டு கிடைத்தது என்று தொடங்கத்தான் ஆசை. அப்படிப் பொய் சொல்ல வாய் வரவில்லை. என் மகளின் வீட்டுப்பாடம்தான் இந்தக் கதைக்கு மூலம். 'டேக்' என்ற ஆங்கில வினைச்சொல்லை ஐந்து பொருளில் வைத்து வாக்கியம் எழுத வேண்டும். நாலு எழுதிவிட்டு, ஐந்தாவதற்கு என்னிடம் வந்தாள். எனக்கோ கதை வந்துவிட்டது. (வீட்டுப்பாடம் இன்னும் முடியவில்லை.)

2

1912. கல்லிடைக்குறிச்சியில் தாமிரபரணி இரு கரையும் தொட்டு...

வேண்டாம், ஆறு அதன் பாட்டுக்குப் போகட்டும். காந்திமதிநாதனைப் பார்ப்போம். வயது இருபத்துநாலு. நிலமெல்லாம் கைவிட்டுப் போன வீடு. உப்பு இலாகா குமாஸ்தா பரீட்சையில் இரண்டு தடவை இங்கிலீஷில் கோட்டைவிட்டவன். 'டேக்' அவனைப் படாதபாடு படுத்தியது. மருந்து குடித்தாலும் அதே சொல், நேரம் பிடித்தாலும் அதே சொல், படம் பிடித்தாலும் அதே சொல்!

அவன் மனைவி பிரம்மநாயகிக்கு இங்கிலீஷ் தெரியாது. அவள் தமிழில் வாக்கியம் சொல்வாள், அவன் அதை இங்கிலீஷாக்குவான். மாமியார் ஞானம்பாள் காதுபடப் புருஷனோடு பேச முடியாத வீடு அது. பாடம் என்றால் மட்டும் பேசலாம்.

"ஒரு பொம்பள மூணு நாளா தலைவலிக்குக் கஷாயம் குடிக்கா," என்றாள் அடுக்களை வாசலில் நின்று.

எழுதி முடித்த பிறகுதான் அந்தப் பொம்பளை யார் என்று அவனுக்கு உறைத்தது. மறுநாளே வைத்தியரிடம் போய்த் தைலம் வாங்கி வந்தான்.

3

இப்படியே நாலு வாக்கியம் ஆயிற்று. ஐந்தாவது:

"ஒருத்தன் தூத்துக்குடிக்கு வேலைக்குப் போகுதான். பொண்டாட்டியையும் கூட்டிட்டுப் போகுதான்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியாரின் கை நின்றது.

(அந்தக் காலத்துப் பெண் இவ்வளவு துணிவாளா? சந்தேகம் வந்து, 'ஒருத்தன் குடையை எடுத்துட்டுப் போகுதான்' என்று மாற்றிப் பார்த்தேன். பிரம்மநாயகியின் முகம் சுண்டிப்போனது. எனக்கும் மனசு கேட்கவில்லை. பழையபடியே இருக்கட்டும்.)

4

பரீட்சையில் 'டேக்' வந்தது, ஐந்து பொருளில் ஐந்து வாக்கியம். ஐந்தாவதாக அவள் சொன்னதையே எழுதினான். தேறிவிட்டான். தூத்துக்குடிக்கு உத்தரவும் வந்தது.

சோறு போட்டுக்கொண்டே ஞானம்பாள் சொன்னாள்: "ஏலே, நீ மட்டும் போ. அவ இங்கன இருக்கட்டும். எனக்குக் கண்ணு சரியாத் தெரிய மாட்டேங்கு."

அதுவும் பொய்யில்லை. பாதிச் சோறு இலைக்கு வெளியே விழுந்திருந்தது.

இருவரும் ரயிலேறுவதாக ஒரு முடிவு எழுதினேன். அந்த அம்மாளை நினைத்தால் பாவமாக இருந்தது. அவன் தனியே போவதாக இன்னொன்று...

இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

காந்திமதிநாதன் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் இருக்கிறான். முகம் தெரியாத யாரோ திருத்தும் தாளில் தப்பில்லாமல் எழுதிய வாக்கியத்தை, இப்போது பெற்ற தாயிடம் தமிழில் சொல்ல வேண்டும். "அம்மா, நான்..." என்கிறான். அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை.

நீங்கள் எடுத்துக்கொடுங்கள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். பிரம்மநாயகி அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள்.