அழிக்கச் சொன்னவர்

எனக்குச் சந்தேக புத்தி என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். இருக்கட்டும். அந்தப் புத்தியை வைத்துத்தான் கிரிப்டோ நாணயம் பற்றிய ஓர் இணைய மன்றத்தில் சம்பளமில்லாத காவல் வேலை பார்க்கிறேன். அங்கே என் பெயர் ‘பூட்டு’. தப்பான பதில் போடுகிறவர்களின் கணக்கை முடக்குவேன். முடக்கப்பட்டவர்கள் ஆளைத் தேடி வந்து வம்பு செய்வார்கள் என்பதால் வீட்டில்கூட இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

கொஞ்ச நாளாக ‘வழிகாட்டி’ என்று ஒருவர் பதில்களை அள்ளி வீசிக்கொண்டிருந்தார். வணக்கம், அருமையான கேள்வி, கீழ்க்கண்ட படிகளைப் பின்பற்றுங்கள். சோப்புப் போட்டுக் கழுவியது போல ஒரு தமிழ். ஒவ்வொரு பதிலுக்கும் கீழே ஒரு விளம்பரம். பதிவு போடப் போட விளம்பரக்காரன் காசு கொடுப்பான். "இதை நீங்களே செய்து பார்த்தீர்களா?" என்று கேட்டேன். "நீங்கள் கேட்பது மிகச் சரி" என்று ஆரம்பித்து ஒரு பக்கத்துக்கு எழுதினார். செய்தாரா இல்லையா என்பது மட்டும் அதில் இல்லை. ஏஐ மெஷினிடம் எழுதி வாங்கி ஒட்டுகிற ஆள் என்று எனக்குப் பட்டது. பற்றிக்கொண்டு வந்தது.

அன்று மதியம் ஒரு நர்ஸ் கேட்டிருந்தார். இறந்துபோன கணவரின் கம்ப்யூட்டரில் கிரிப்டோ காசு வைக்கும் வாலட் இருக்கிறது, திறந்தால் பூஜ்யம் என்கிறது. சாவி தொலைந்தால் காசைத் திரும்ப எடுக்க உதவும் மீட்பு வார்த்தைகளை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. மகளின் படிப்புக்கு இதை விட்டால் வேறு வழியில்லை.

விஷயம் சின்னதுதான். காசு வந்தபோது மென்பொருள் மூடிக் கிடந்திருக்கிறது. விட்டுப்போன பரிவர்த்தனைக் கணக்குகளை அது இறக்கி முடிக்கும்வரை பூஜ்யம்தான் காட்டும். சும்மா காத்திருந்தால் போதும். வழிகாட்டியோ வாலட் இருக்கும் ஃபோல்டரை முழுசாக அழித்துவிட்டு மறுபடி நிறுவச் சொல்லியிருந்தார். பணத்தின் சாவி இருக்கும் கோப்பும் அதே ஃபோல்டரில்தான் இருக்கிறது. அழித்தால் கதை முடிந்தது.

"எதையும் தொடாதீங்க, சும்மா காத்திருந்தா காசு தெரியும், அது மெஷின் எழுதின பதில்" என்று கத்தாத குறையாக எழுதிவிட்டு வழிகாட்டியை முடக்கினேன்.

நர்ஸ் என் மேல் பாய்ந்தார். "அவர் எவ்வளவு மரியாதையா சொல்றார்! நீங்கதான் எரிஞ்சு விழறீங்க. நல்ல மனுஷனைத் துரத்திட்டு என் காசை அமுக்கப் பாக்குறீங்களோ? டியூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் அவர் சொன்னபடிதான் செய்யப் போறேன்."

அவர் இடத்தில் நான் இருந்தாலும் என்னைச் சந்தேகப்பட்டிருப்பேன்.

அப்போது தம்பி லேப்டாப்பும் கையுமாக என் அறைக்குள் வந்தான். கடை மூடி வேலை போனதிலிருந்து அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. சமீபத்தில்தான் கொஞ்சம் தெளிந்திருந்தான்.

"அக்கா, எவனோ ஒரு பாவி என் கணக்கை முடக்கிட்டான். பூட்டாம் பூட்டு! வயித்துல அடிச்சிட்டான். நீதான் நல்லா எழுதுவியே, ஒரு முறையீடு எழுதிக் குடேன்."

திரையில் ‘வழிகாட்டி’ என்றிருந்தது.

"அந்தப் பூட்டு நான்தான்டா" என்றேன்.

சண்டை போட நேரமில்லை. நர்ஸ் எழுதியதைக் காட்டினேன். படிக்கப் படிக்க அவன் முகம் வெளுத்தது. முடக்கத்தை நீக்கி, "நீயே எழுது. மெஷினைத் தொட்டே, கையை முறிச்சிடுவேன்" என்றேன்.

அவன் எழுதினான்: "மேடம் நான் சொன்னது தப்பு. எனக்கு இது தெரியாது. ஒண்ணும் அழிக்காதீங்க ப்ளீஸ்."

உடனே பதில் வந்தது. "இது அவர் எழுத்தே இல்லை. பூட்டு, அவர் கணக்கையும் பிடுங்கிட்டீங்களா?"

தம்பி இத்தனை நாளில் சொந்தமாக எழுதிய முதல் பதில் அது. அதைத்தான் அவர் நம்பவில்லை. அவன் தன் ஃபோன் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்பிவிட்டு, நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெகுநேரம் கழித்து, நம்பரை மறைத்துக்கொண்டு ஓர் அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"நீங்கதான் வழிகாட்டியா?"

"ஆமாங்க."

"நீங்க சொன்னதை உங்க வாலட்ல செஞ்சு பாத்திருக்கீங்களா?"

"என்கிட்ட வாலட்டே இல்லைங்க."



"அப்புறம் எதுக்குப்பா சொன்னே?"

யார் என்ன கேட்டாலும் பக்கம் பக்கமாகப் பதில் போட்டவன் என் முகத்தைப் பார்த்தான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

"மெஷின் சொல்லுச்சு. காசு வருதேன்னு போட்டேன்" என்றான்.

"ஃபோல்டரைத் தேர்வு பண்ணி வச்சிட்டுத்தான் உனக்கு ஃபோன் போட்டேன்" என்றார் நர்ஸ். "அழிக்கலை. ஆனா இனிமே அக்கா, தம்பி, பூட்டு, வழிகாட்டி எவன்கிட்டேயும் எதுவும் கேக்க மாட்டேன்."

நாங்கள் அக்கா தம்பி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் நான் விம்மியதையும், தம்பி "அக்கா, அழாதே" என்று முணுமுணுத்ததையும் கேட்டிருக்க வேண்டும். அழிக்கும் முன் கேட்டதற்கு ஒரு நன்றியாவது சொல்லலாம் என்று ஃபோனை வாங்கினேன். அதற்குள் வைத்துவிட்டிருந்தார்.