அரை நாள் கூலி

தேர்தலுக்கு ஐந்தே நாள். சூலூர்ப் பக்கம் எங்கள் ஏழாவது வார்டில் சுயேச்சையாக நிற்கும் அன்புக்கரசியாகிய எனக்கு, ஓட்டுக் கேட்க ஒரு முகம்கூடக் கிடைக்கவில்லை. வீதி முழுக்கப் பூட்டு. எதிர்த்து நிற்கும் லாரி முதலாளி கோவிந்தராஜுலு, காலை எட்டு மணிக்கே எல்லோரையும் வேனில் ஏற்றி, ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் உட்கார வைத்துவிடுவார். தலைக்கு ஐந்நூறு ரூபாய், மதியம் பிரியாணி, சாயங்காலம் ஆறு மணிக்கு விடுதலை. வேறு யாரும் அவர்களிடம் பேசிவிடக் கூடாது, அவ்வளவுதான் திட்டம்.

ஆனால் அத்தனை பேர் பிரியாணி சாப்பிட்டால் தண்ணீர் வேண்டுமே! எங்கள் ஊரில் கேன் தண்ணீர் போடுவது நான் ஒருத்திதான். அவருடைய ஆள் தமிழ்ச்செல்வனுக்கு அது உறைக்கவே இல்லை. முப்பது கேன் வேண்டும் என்று எனக்கே போன் போட்டான்.

கொட்டகையில் கேனை இறக்கிய கையோடு, உட்கார்ந்திருந்தவர்களிடம் பேச ஆரம்பித்தேன்.

"பன்னெண்டு நாளைக்கு ஒருக்கா குழாயில தண்ணி வருதுங்க. நான் ஜெயிச்சா மூணு நாளைக்கு ஒருக்கா வர வெப்பேன். வந்தா என்ர கேன் யாவாரம் படுத்துரும். தெரிஞ்சேதான் கேக்கறேனுங்க."

தமிழ்ச்செல்வன் ஓடி வந்தான். "ஏனுங்க அக்கா, இங்க ஓட்டுக் கேக்கக் கூடாதுங்க!"

"அப்பக் கேனெல்லாம் எடுத்துட்டுப் போயிரட்டுங்களா?"

அவசரமாக ஒதுங்கி வழிவிட்டான். வெயில் அப்படி.

தோட்ட வேலைக்குப் போகும் சின்னத்தாயி எழுந்தார். "நீ சொல்றது வாஸ்தவந்தான் அம்மணி. ஆனா அவங்க காசை வாங்கிப்போட்டமே. மாத்திக் குத்துனா மனசு கேக்காதே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் மேல் அல்ல. இந்த ஜனங்களின் நேர்மையை நம்பித்தானே அந்த மனுஷன் காசை இறைக்கிறார்!

"தோட்டத்துக்காரரு கூலி குடுக்கறது களை எடுத்ததுக்குங்க அக்கா. இவங்க குடுக்கறது உக்காந்ததுக்கு. உக்காந்துட்டீங்க, சரியாப் போச்சு. ஓட்டு அந்தக் கூலியில சேராதுங்க."

சாயங்காலமே தமிழ்ச்செல்வன் போனில் ஆர்டரை ரத்து செய்தான். டவுனிலிருந்து லாரியில் தண்ணீர் வருகிறதாம்.

மறுநாள் காலை கையில் மைக்கோடு வீதியில் நின்றேன். நான் சொன்னது வீண் போகாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பூட்டுகளைப் பார்த்து எத்தனை நேரம்தான் பேசுவது?

பன்னிரண்டரைக்கு வீதி முனையில் சத்தம் கேட்டது. சின்னத்தாயி முன்னால் வர, நாற்பது ஐம்பது பேர் கொட்டகையிலிருந்து நடந்தே வந்துகொண்டிருந்தார்கள். பின்னாலேயே பைக்கில் தமிழ்ச்செல்வன், "பிரியாணி ரெடிங்க, பிரியாணி ரெடிங்க!" என்று கத்திக்கொண்டு வந்தான்.

சின்னத்தாயி என் முன்னால் வந்து நின்றார்.

"இன்னைக்கு அரை நாள் போதும்னு சொல்லிப்போட்டோம். இருநூத்தம்பதுதான் வாங்குனோம். மத்தியானம் எங்களுது. இப்பச் சொல்லு கண்ணு."

நான் மைக்கை அணைத்தேன். இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்பவர்களுக்கு மைக் எதற்கு?