ஒரு ஜோடிக்கு மட்டும்

பசம்மா கண்ணை மூடிய பதினேழாம் நாள், மருமகள் ஸ்ரீதேவிக்குக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. முதல் வரியில் ஆழ்ந்த இரங்கல். இரண்டாம் வரியில், மருத்துவக் காப்பீட்டில் மாற்றம் இருந்தால் இறந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் செய்துகொள்ளவும் என்ற அறிவிப்பு. துக்கம் கேட்க வந்தவர்கள்கூட இவ்வளவு சீக்கிரம் வேறு பேச்சுக்குத் தாவவில்லை.

ஹெப்பாளில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் விதி அப்படி. பெற்றோரைச் சேர்க்கலாம், இல்லையென்றால் மாமனார் மாமியாரைச் சேர்க்கலாம். அங்கே ஒருவர், இங்கே ஒருவர் என்று கலக்க முடியாது. ஒரு தடவை தேர்ந்தெடுத்துவிட்டால் மூன்று வருஷத்துக்கு மாற்ற வழியில்லை, அவர்களில் ஒருவர் செத்தால் தவிர.

போன வருஷம் மாமனார் மாமியாரைப் போட்டாள். ஒரே வீட்டில் இருக்கிறவர்களை விட்டுவிட்டு வேறு யாரைப் போடுவது? மாமனார் மல்லப்பனுக்குச் சர்க்கரை. கால் புண்ணுக்காக இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தார்; அடுத்த முறை விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவரைக் காப்பாற்றியது அந்தக் காப்பீடுதான். அதற்கப்புறம்தான் மார்டள்ளி கிராமத்தில் தனியாக இருக்கும் அவளுடைய அம்மா மாரியம்மாவுக்கு இதய வால்வு கெட்டுப்போனது தெரிந்தது. இரண்டு மாதத்துக்குள் ஆபரேஷன் ஆக வேண்டும். வெளியில் தனியாகப் பாலிசி எடுக்கலாமென்றால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருஷம் காத்திருக்கணும் என்று ஏஜென்ட் கையை விரித்துவிட்டார். நோய் காத்திருக்குமா என்று அவரிடம் கேட்டு என்ன பயன்?

"ஏனுங்க, அம்மாவ மாத்திப் போடட்டுங்களா? மாமா பேரு போயிருமுங்க" என்று புருஷனிடம் கேட்டாள்.

"உனக்கு எது சரின்னு படுதோ அதப் பண்ணு" என்றான் கிருஷ்ணராஜ், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். பாம்பும் நோகக்கூடாது, பாம்படித்த கோலும் நோகக்கூடாது அவனுக்கு. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

மாற்றுவதற்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும்.

"எதுக்கு அம்மிணி?" என்று கேட்டார் மல்லப்பன்.

"ஆபீஸ்ல கேக்கறாங்க மாமா."

"நா போயி வாங்கிட்டு வர்றேன். உனக்கு லீவு எங்க இருக்குது?"

புண் ஆறியும் ஆறாத காலோடு இரண்டு நாள் பஸ் ஏறிப் போய், வரிசையில் நின்று வாங்கி வந்தார். மடங்கிவிடக் கூடாதென்று செய்தித்தாளுக்குள் வைத்து அவள் கையில் கொடுத்தார்.

கம்பெனி பஸ்ஸிலேயே சான்றிதழைப் போனில் ஏற்றிவிட்டாள். மல்லப்பன் பெயருக்கு எதிரே 'நீக்கு' என்று இருந்தது, அதைத் தொட்டாள். மாரியம்மாவின் பெயரைச் சேர்த்தாள். உறுதியா என்று கேட்டது. உறுதி என்றாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன கால் மாதிரி இருந்தது மனசு. தப்புச் செய்துவிட்டோம் என்றும் தோன்றவில்லை, சரி என்றும் தோன்றவில்லை. பக்கத்து சீட்டுப் பெண் ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். சாத்தினாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மல்லப்பன் பர்ஸிலிருந்து லேமினேட் செய்த காப்பீட்டு அட்டையை எடுத்து நீட்டினார். இரண்டு பெயர்கள், இரண்டு சின்னப் படங்கள்.

"இதுல அவ பேரும் இருக்குதே அம்மிணி. இதத் திருப்பிக் குடுத்துப்போட்டு, எம் பேரு மட்டும் போட்டுப் புதுசா வாங்கணுமா?"

ஸ்ரீதேவி அட்டையைக் கையில் வாங்கவில்லை.

"வேண்டாமுங்க மாமா. அதையே வெச்சுக்குங்க."

அவர் முகம் தெளிந்தது. சட்டை முனையால் அட்டையை ஒரு துடை துடைத்து, திரும்பப் பர்ஸுக்குள் வைத்தார்.

"அதுவும் நல்லதுதான். ரெண்டு பேரும் ஒண்ணாவே இருந்துக்கறோம்."